குறுக்கே பேசாத எக்கோ!

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஸ்டிங்... ஸ்டிங்... ஒன் டூ த்ரீ... த்ரீ... த்ரீ..."

எங்க வாலாஜாபாத் பக்கம் திருவிழா தொடங்கிடுச்சுன்னு ஊருக்குச் சொல்றது கொடிமரம் இல்லை பாஸ், இந்த 'ஸ்டிங் ஸ்டிங்'தான். அந்த 'ஸ்டிங்'குக்குச் சொந்தக்காரர் என் சித்தப்பா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல ரேடியோ செட் கடை. நாலு குழாய் ஸ்பீக்கர், நாலு பாக்ஸ், ரெண்டு ஆம்ப்ளி, ஒரு மிக்ஸர், மூட்டை மூட்டையா ஒயர், எலி கடிச்ச சீரியல் செட். ஈ.சி.இ. மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு இதுவரைக்கும் கட்டின ஃபீஸ்ல பாதி அந்த ஒயர் மூட்டையில இருந்து வந்ததுதான். அப்பாவோட தறி வீட்டுச் சாப்பாட்டுக்கு, சித்தப்பாவோட செட் என் படிப்புக்கு. எங்க வீட்ல பட்ஜெட் இவ்வளவு சிம்பிள்!

போன வைகாசியில அந்த பட்ஜெட்ல பெரிய துண்டு விழப் பார்த்துச்சு. காரணம், எக்கோ.

பாலாத்தைத் தாண்டி உத்திரமேரூர் போற வழியில ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சிருந்தாங்க. சென்னை மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம்... பாரதம்னா ஒரு நாள் கூத்து இல்லை. பகல்ல பந்தல்ல மகாபாரதப் பிரசங்கம், ராத்திரி அதே கதை தெருக்கூத்தா. கடைசி நாள் மண்ணுல பெருசா துரியோதனனைப் படுக்க வெச்சு படுகளம், சாயங்காலம் தீமிதி. 18 நாளும் செட் எங்களுது. சித்தப்பாவுக்கு இந்த ஒரு ஆர்டர்தான் அந்த சீசனே. எனக்கு அடுத்த செமஸ்டர் ஃபீஸ்.

பிரசங்கம் பண்ண வந்தவர் 70 வயசைத் தாண்டின பெரியவர். எல்லாரும் 'வாத்தியாரே'னுதான் கூப்பிடுவாங்க. சங்கீதமும் வசனமுமா கலந்து கட்டி அடிப்பார். பக்கத்துல ஆர்மோனியம், மிருதங்கம். ஆனா மனுஷனுக்கு ஒரு கண்டிஷன். எக்கோ வேணும். அதுவும் கொஞ்சம் இல்லை, தாராளமா! "எக்கோ இல்லாத குரல் எண்ணெய் வெக்காத தலை மாதிரி தம்பி"ன்னு சொன்னார். முதல்ல சிரிச்சேன். அப்புறம் எக்கோ இல்லாம அவர் குரலைக் கேட்டேன். வயசாகிப் போன குரல். மேல் ஸ்தாயில கிழியுது. அவர் ஏன் கேக்கறார்னு புரிஞ்சுது.

பிரச்னை என்னன்னா, அவர் வேகமா வசனம் பேசும்போது போன வார்த்தையோட வால் அடுத்த வார்த்தையோட தலைமேல வந்து உக்காருது. 'துரியோதனன் சபையிலே'ன்னு அவர் சொன்னா, பந்தல் கடைசியில 'துரியோ சபை தனன் லே யிலே'ன்னு ஒரு அவியல்தான் போய்ச் சேருது. ரெண்டாம் நாள் சாயங்காலம் விழாக்குழு ஆள் ஒருத்தர் டீ கிளாஸோட வந்தார். "பொம்பளைங்க யாருக்கும் ஒண்ணும் புரியலையாம்பா. நாளைக்கும் இதே கதைன்னா வேற செட்டு சொல்லிக்கிறோம். தப்பா நெனச்சுக்காத." சொல்லிட்டு டீயைக் குடிச்சார். சித்தப்பா குடிக்கல.

எக்கோவைக் குறைச்சுட்டா மேட்டர் ஓவர்தானே? அதையும் பண்ணிப் பார்த்தோம். வாத்தியார் பாதி விருத்தத்துல நிறுத்திட்டு, மைக்லயே, "இன்னாப்பா, மைக்கு செத்துப்போச்சா?"ன்னு கேட்டார். பந்தலே சிரிச்சுது. சித்தப்பா தலையைக் குனிஞ்சுட்டு பழையபடி திருகினார். எக்கோ வெச்சா ஜனங்களுக்குப் புரியாது, எடுத்தா வாத்தியார் பாட மாட்டார்.

நான் மொதல்ல எக்கோ பெட்டி மேலதான் பழியைப் போட்டேன். ஸ்க்ரூவைக் கழட்டிப் பார்த்தா உள்ளே 16 கால் வெச்ச ஒரு ஐ.சி., பி.டி.2399. தைவான்ல பிரின்ஸ்டன் டெக்னாலஜின்னு ஒரு கம்பெனியோட சிப். கரோக்கி செட்டுகளுக்காக வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்ல டஜன் கணக்குல வாங்கலாம். பேசறதை உள்ளே வாங்கி, கிட்டத்தட்ட ஒரு செகண்ட்ல மூணுல ஒரு பங்கு வரைக்கும் தாமதிச்சு வெளியே விடும். வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே விட்டா ரிப்பீட்டு. அவ்வளவுதான் எக்கோ! படிச்சவங்க பாஷையில 'டிலே'. பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் ஒரு வேலை செஞ்சேன். அதை முதல் நாளே செஞ்சிருக்கணும். பந்தல் கடைசியில பாட்டிகளோட போய் உக்காந்தேன். அங்கே ரெண்டு எக்கோ கேக்குது! ஒண்ணு பெட்டி போடறது. இன்னொண்ணு தெருமுனையில வேப்பமரத்துல கட்டின குழாய் போடறது. வைகாசி வெயில்ல சத்தம் செகண்டுக்கு சுமார் 350 மீட்டர் ஓடும். தெருமுனை 100 மீட்டர் தள்ளி. ஆக அந்தக் குழாய்ச் சத்தம் கால் செகண்டுக்கு மேல லேட்டா வருது. ஹெல்முட் ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1949-ல இதைத்தான் ஆராய்ச்சி பண்ணினார். ரொம்பச் சின்ன இடைவெளியில வர்ற ரெண்டாவது சத்தத்தை நம்ம காது முதல் சத்தத்தோடயே சேர்த்துக்கும். 50 மில்லி செகண்டைத் தாண்டிட்டா, பேச்சுல அது தனிக் குரலா பிரிஞ்சு தொந்தரவு கொடுக்க ஆரம்பிக்கும். நம்ம குழாயோ 280-ஐத் தாண்டி நிக்குது. இதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். மரத்துல ஏறி குழாயை ஊருக்கு வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டினோம். கட்டெறும்பு கடிச்சதுதான் மிச்சம். அவியல் பாதி குறைஞ்சுது. மீதிப் பாதி பெட்டிக்குள்ளேதான்.

அன்னிக்கு ராத்திரி கூத்து தொடங்க லேட். சித்தப்பா சினிமாப் பாட்டு ஒண்ணை ஓடவிட்டுட்டு நடுவுல அறிவிப்பு செஞ்சார். "நன்கொடை எழுதியவர்கள் உடனே மேடைக்கு வரவும்..." நான் சும்மா அவர் கையையே பார்த்துட்டிருந்தேன். வலது கையில மைக். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி இடது கை பாட்டோட குமிழைக் கீழே இறக்குது. பேசி முடிச்சதும் மெதுவா ஏத்துது. அவருக்கே தெரியாம கை செய்யுது. 25 வருஷப் பழக்கம்!

பளிச்!

பாட்டுக்கு இவர் செய்யறதை எக்கோவுக்கு ஒரு ஆள் செஞ்சா? வாத்தியார் பேசும்போது எக்கோவை அமுக்கி, நிறுத்தினதும் தூக்கிவிட்டா? மனுஷக் கையால முடியாது, அவர் அவ்வளவு வேகம். ஆனா மெஷினால முடியும். ஆடியோ மிக்ஸிங் தெரிஞ்சவங்களுக்கு இது பழைய வித்தை. பேர் 'சைட்செயின் கம்ப்ரஷன்'. தலையைக் குனிய வெக்கிறதால 'டக்கிங்'னும் சொல்வாங்க. வாத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

கம்ப்ரஸர்னா வேற ஒண்ணுமில்லை. சத்தம் ஒரு அளவைத் தாண்டினா குமிழைக் குறைக்கிற ஆள். சாதாரணமா எந்தச் சத்தத்தைக் கேக்குதோ அதையேதான் குறைக்கும். சைட்செயின்ல காது ஒரு இடம், கை இன்னொரு இடம். காது வாத்தியார் குரல்ல, கை எக்கோவோட குமிழ்ல. ரேடியோவுல அறிவிப்பாளர் பேச ஆரம்பிச்சதும் பின்னாடி மியூசிக் தானா பம்முதே, அதே சமாச்சாரம். டென்மார்க்கோட டி.சி.எலக்ட்ரானிக் கம்பெனி 1985-ல கொண்டுவந்த 2290-ங்கிற டிலே மெஷின்ல இந்த டக்கிங் உள்ளேயே இருந்துச்சு. இப்போ ஹெட்ஃபோன் மாட்டி நல்ல மிக்ஸிங் உள்ள ஒரு பாட்டைக் கவனிங்க. வரி ஓடும்போது எக்கோ இருக்கிறதே தெரியாது. வரி முடிஞ்ச இடத்துல மட்டும் கடைசி வார்த்தை தூரத்துல ரெண்டு தடவை கேட்டுட்டுப் போகும். அங்கே டக்கிங் வேலை செஞ்சிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒரு மிக்ஸிங் பைத்தியம். செங்கல்பட்டுக்காரன். நாம ஹீரோ போட்டோ ஒட்டினா, அவன் சுவத்துல எச்.ஸ்ரீதர் போட்டோ! ஏ.ஆர்.ரஹ்மானோட எத்தனையோ பாட்டுக்கு ஒலிப்பதிவு செஞ்சவர். 'மகாநதி', 'தில் சே', 'லகான்'னு தேசிய விருதுகள் வாங்கினவர். 2008-ல காலமாகிட்டார். பாட்டு கேட்டு உருகுற நம்மள்ல எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்னு அவன் தினமும் சண்டை போடுவான். அவனுக்கு போன் போட்டேன். "மச்சி, உன் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேணும்." "எதுக்குடா?" "துரியோதனன் சபைக்கு." காலையில முதல் பஸ்ல வந்து இறங்கிட்டான்.

எங்க பிளான்ல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. வாத்தியார் குரல் லேப்டாப்புக்குள்ள போய்த் திரும்பி வரலை. அது மிக்ஸர்லேர்ந்து நேரா ஆம்ப்ளிக்கு. ஆக்ஸ் வழியா ஒரு நகல் மட்டும் லேப்டாப்புக்கு. லேப்டாப் வெறும் எக்கோவை மட்டும் திருப்பி அனுப்பும். ரெண்டு லாபம். லேப்டாப்ல சத்தம் போய் வர்ற தாமதம் நம்மளைப் பாதிக்காது, எக்கோவே தாமதம்தானே! அப்புறம், லேப்டாப் நடுவுல தொங்கிட்டாலும் எக்கோதான் போகும், குரல் போகாது. சித்தப்பா இந்த ரெண்டாவது பாயின்ட்டைக் கேட்டதுக்கு அப்புறம்தான் ஒயரைத் தொடவே விட்டார்.

உள்ளே ரீப்பர் சாஃப்ட்வேர். ஒரு டிராக்ல குரல். இன்னொரு டிராக்ல டிலே, அதுக்குக் கீழே கம்ப்ரஸர். குரலோட ஒரு கிளையை அந்த டிராக்கோட 3, 4-ம் சேனலுக்கு அனுப்பி, கம்ப்ரஸரைப் பார்த்து 'நீ இதைக் கேளு'ன்னு சொல்லணும். டிலே 350 மில்லி செகண்ட். பேச்சு வந்தா எக்கோ 12 டெசிபல் இறங்கணும். ஆன் பண்ணினோம். "ஹலோ"ன்னான் மச்சி. 'ஹலோ ஹலோ ஹலோ ஹலோ'ன்னு எக்கோ ஏறிட்டே போய், கடைசியில யானை பிளிர்ற மாதிரி ஊளை! பந்தல்ல படுத்திருந்த நாய் எழுந்து ஓடிடுச்சு. சின்னப் பசங்க "இன்னொரு தடவை... இன்னொரு தடவை"ன்னு கைதட்டுறாங்க. சித்தப்பா ஆம்ப்ளியை ஆஃப் பண்ணிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாடா படிக்கிறீங்க காலேஜ்ல?" எக்கோ திரும்பி வர்ற சேனல்லயும் ஆக்ஸ் குமிழ் திறந்தே இருந்திருக்கு. எக்கோவோட எக்கோவோட எக்கோ. அதை மூடினதும் சரியாச்சு.

மூணாம் நாள் மத்தியானம். திரௌபதி துகில்.

இதுல ரொம்ப நேரம் தின்னது ரிலீஸ்ங்கிற ஒரே ஒரு குமிழ். பேச்சு நின்னதும் எக்கோ எவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கணும்கிற கணக்கு. 50 மில்லி செகண்ட் வெச்சா, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இருக்கிற இண்டு இடுக்குல எல்லாம் எக்கோ எட்டிப் பார்த்துட்டு ஓடுது. விக்கல் மாதிரி இருக்கு. 1,000 வெச்சா, அது எழுந்திரிக்கறதுக்குள்ளே அடுத்த வரி வந்துடுது, மறுபடி படுத்துக்குது. "மைக்கு செத்துப்போச்சா" கேஸ். வாத்தியாரோட மூச்சை எண்ணிட்டே திருகினோம். 300-க்குக் கிட்டே வந்து நின்னுச்சு.

சபை வர்ணனை, தர்மனோட சூதாட்டம், விதுரன் சொல்ற நியாயம்... வசனம் ஒவ்வொண்ணும் தனித்தனியா பந்தல் கடைசி வரைக்கும் போகுது. அப்புறம் திரௌபதி ரெண்டு கையையும் விட்டுட்டுக் கூப்பிடற இடம். வாத்தியார் "கண்ணா..."ன்னு மேல் ஸ்தாயில எடுத்து நிறுத்தினார். ஆர்மோனியம் நின்னுச்சு. அந்தக் காலி இடத்துல எக்கோ எழுந்து, "கண்ணா... கண்ணா..."ன்னு பந்தலைத் தாண்டி வயக்காட்டுப் பக்கம் போச்சு. கிழிஞ்ச குரல் கிழிஞ்ச மாதிரியே இல்லை. என் பக்கத்துல இருந்த பாட்டி முந்தானையை வாயில வெச்சு அழுதுட்டிருந்தாங்க. மானிட்டரைப் பார்க்கறதை விட்டுட்டு நானும் மச்சியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவன் கண்ணுலயும் தண்ணி. "தூசிடா"ன்னான்.

முடிஞ்சதும் வாத்தியார் வந்தார். "எக்கோ போட்டீங்களா இல்லியா? பேசறப்ப இல்லாத மாதிரி இருந்துச்சே?" எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன், "நீங்க பேசறப்போ அது குறுக்கே பேசாதுங்கய்யா. நீங்க நிறுத்தினா பேசும்." கொஞ்ச நேரம் யோசிச்சார். அடுத்த நாள்தான் விஷயம் தெரிஞ்சுது. மனுஷன் எக்கோவை வெச்சு விளையாட ஆரம்பிச்சுட்டார்! வேணுங்கற இடத்துல நிறுத்தி, அது ரெண்டு தடவை சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, மூணாவது எழும்போது அடுத்த வரியால அதைப் பிடிச்சு அமுக்கறார். ரிலீஸ் 300-னு அவருக்கு யாரும் சொல்லலை!

விழாக்குழு ஆள் வேற செட்டைப் பத்தி அப்புறம் பேசவே இல்லை. பேலன்ஸ் தொகை 18-ம் நாள் கைக்கு வந்துச்சு.

இதோட நிறுத்தினா நான் ஹீரோ. ஆனா ராத்திரிக் கூத்துல செமத்தியா அடிவாங்கினதையும் சொல்லணும். பிரசங்கத்துல ஒருத்தர், ஒரு மைக். கூத்துலயோ மேடைக்கு மேலே தொங்கற ரெண்டு மைக். அதுல கட்டியங்காரன் குரலும் விழும், மிருதங்கமும் விழும், தாளமும் விழும், முகவீணை காதைக் கிழிக்கிற மாதிரி விழும். கம்ப்ரஸருக்கு யார் பாடறாங்க, எது வாசிக்குதுன்னு தெரியுமா? எப்பவும் சத்தம் இருக்கு, அதனால எக்கோ எப்பவும் படுத்தே கிடக்கு. அது கேக்கற சத்தத்துல அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஃபில்டர் போட்டு வெட்டிப் பார்த்தோம். மிருதங்கம் கொஞ்சம் ஒதுங்குச்சு. முகவீணை ஒதுங்கலை. ராத்திரி 2 மணிக்கு மச்சி லேப்டாப்பை மூடிட்டான். கர்ணன் எக்கோ இல்லாமலே செத்தார். யாரும் குறை சொல்லலை. கூத்துக்காரங்க குரலுக்கு எக்கோ எதுக்கு?

திருவிழா முடிஞ்சு ஒயர் சுத்தும்போது சித்தப்பா கேட்டார். "நீ லேப்டாப்பைத் தூக்கிட்டு காலேஜ் போயிடுவ. அடுத்த பாரதத்துக்கு நான் இன்னா பண்றது?"

அந்தக் கேள்விதான் இந்த செமஸ்டர் என் மினி புராஜெக்ட். அவரோட எக்கோ பெட்டிக்குள்ளேயே டக்கிங். சர்க்யூட் ரொம்ப சிம்பிள் மக்களே. குரல்ல கொஞ்சம் எடுத்து எல்.எம்.358-ல பெருசாக்கி, ஒரு டயோடு, ஒரு 4.7 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியா ஒரு எல்.இ.டி.யை எரிய வைக்கணும். எதிர்ல ஒரு எல்.டி.ஆர்., வெளிச்சம் பட்டா ரெசிஸ்டன்ஸ் குறையுமே, அது. எக்கோ வெளியே போற ஒயர்லேர்ந்து எர்த்துக்கு அதைப் போட்டுட்டா, வாத்தியார் பேசினா லைட் எரியும், எக்கோ எர்த்துக்கு வழிஞ்சு போயிடும். பேச்சு நின்னா லைட் அணையும், எக்கோ எழும். எல்.டி.ஆர். வெளிச்சத்தைச் சட்டுனு பிடிச்சுக்கும், இருட்டுக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கும். லேப்ல திட்டு வாங்கற அந்தச் சோம்பேறித்தனம்தான் இங்கே நமக்கு ரிலீஸ்! 1960-கள்ல அமெரிக்காவுல வந்த டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ.-2ஏ கம்ப்ரஸரும் இந்த மாதிரி வெளிச்சத்தை வெச்சுத்தான் ஓடுச்சு. இன்னிக்கும் ஸ்டுடியோக்கள்ல அதுக்கு சாமி மரியாதை. ரிவ்யூவுல இதைச் சொன்னதும் மேடம் நிமிர்ந்து உக்காந்தாங்க. 'அப்ளிகேஷன்' காலத்துல 'பாரதப் பிரசங்கம்'னு எழுதியிருந்ததைப் பார்த்து சிரிச்சாங்களே தவிர அடிக்கலை.

ஆடி மாசம் பெட்டியை சித்தப்பாகிட்ட கொடுத்துட்டு வந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு, இன்டர்னல் எக்ஸாமுக்கு முன்னாடி போன்.

"டேய், பெட்டி ராத்திரியில சூப்பரா இருக்குது. பகல்ல எக்கோவே வரமாட்டேங்குது. பேசினாலும் இல்ல, நிறுத்தினாலும் இல்ல."

மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கெபாசிட்டரா? சப்ளையா? ஹாலுக்குள்ள போயும் அதே யோசனை. அன்னிக்கு எழுதின பேப்பரைப் பத்தி இங்கே பேச வேண்டாம். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டேன். "சித்தப்பா, பெட்டியில ஏதாச்சும் கை வெச்சீங்களா?"

"இல்லடா. லைட்டு மினுக்குறது தெரியணும்னு ஒரே ஒரு ஓட்டை போட்டேன்."

வெயில் உள்ளே போய் எல்.டி.ஆர். மேலயே விழுந்துட்டிருந்திருக்கு. அது என்ன நினைக்கும்? யாரோ காலையில இருந்து நிறுத்தாம பேசிட்டிருக்காங்கன்னு பகல் பூரா எக்கோவை அமுக்கி வெச்சிருக்கு.

"கறுப்பு இன்சுலேஷன் டேப் இருக்கா?"

"இருக்குது."

"ஒட்டுங்க."